இரண்டு ஆற்றுக்கு நடுவே ஒரு நாள்: ஸ்ரீரங்கத்தைத் தீவாகப் பார்க்க

ஆனி மாதம் என் நாத்தனார் மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். காலையில் ராஜகோபுரத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினாள், வரிசையில் நின்று பெருமாளைச் சேவித்தாள், பிரசாதம் வாங்கினாள், பதினோரு மணிக்குக் கிளம்பத் தயாராகிவிட்டாள். "தீவை முழுக்கப் பார்க்காமல் போகிறாயே" என்றேன். "எந்தத் தீவு அத்தை?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. பேருந்திலோ காரிலோ வருகிறவர்களுக்குப் பாலம் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் நான் இந்தத் தீவில் பிறந்தவள். அப்பா தெற்கு உத்திர வீதியில் பூக்கடை வைத்திருந்தார். இருபது வருஷமாக ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டுவது என் வேலை. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் பாதிதான் கிடைக்கிறது. காவிரிக் கரையில் ஆரம்பித்துக் கொள்ளிடக் கரையில் முடிக்க வேண்டும். கோயில் நடுவில் வரும். அப்போதுதான் இந்தக் கோயில் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே போகிறது, வடக்குக் கிளை கொள்ளிடம். கிழக்கே கல்லணை பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட நீளமான நிலம்தான் தீவு. ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இதன் மேல்தான் இருக்கின்றன. 1994-இல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் கணக்குப்படி நாங்கள் நகரத்துக்காரர்கள். ஆனாலும் பாலம் தாண்டிப் போகும்போது எங்கள் வீட்டில் இன்னமும் "திருச்சிக்குப் போய்விட்டு வருகிறேன்" என்றுதான் சொல்வோம்.

எப்போது வருவது? ஆற்றில் தண்ணீர் ஓடும்போது வாருங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அணையில் இருப்பு இல்லாத வருஷம் திறப்பு தள்ளிப்போகும், அதைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடி முதல் தை வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் வந்தால் பாலத்தின் கீழே மணல்தான் தெரியும், தீவு என்று நான் சொன்னாலும் நம்ப மாட்டீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு சித்திரை மாதம் அண்ணியின் அம்மாவை மத்தியானம் ஒரு மணிக்கு நாலாம் பிராகாரத்தில் கூட்டிக்கொண்டு நடந்தேன். திறந்த வெளியில் கருங்கல் தளம். தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்த இடத்தை விட்டு, குறுக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்று நான்தான் அழைத்துப் போனேன். எழுபது வயது மனுஷி, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆகவே வெயில் காலத்தில் வந்துதான் ஆகவேண்டும் என்றால் காலை பத்து மணிக்குள் கல் தளத்து வேலைகளை முடித்துவிடுங்கள்.

வைகுண்ட ஏகாதசிக்கு வரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என்று நடக்கும் திருவிழா. பரமபத வாசல் திறக்கும் அந்த விடியற்காலையில் ஊரே தலைகளாகத்தான் தெரியும். பக்திக்காக வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். தீவைப் பார்க்க, சிற்பம் பார்க்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சின்னக் குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

சரி, ஆரம்பிப்போம். முதல் நாள் சாயங்காலமே திருச்சிக்கு வந்து மலைக்கோட்டை ஏறிவிடுங்கள். இது பலருக்கும் தோன்றாத யோசனை. 83 மீட்டர் உயரப் பாறை, உச்சியில் பிள்ளையார். கும்பிட்டுவிட்டு வடக்குப் பக்கம் வந்து நில்லுங்கள். கீழே சிந்தாமணி, அதற்கப்புறம் காவிரி, அதற்கப்புறம் தென்னந்தோப்பு, அந்தப் பச்சைக்கு நடுவே கோபுரங்கள், பின்னால் வெளுத்த கோடு மாதிரி கொள்ளிடம். தீவு முழு உருவில் தெரிகிற இடம் இது ஒன்றுதான். கதை தெரிந்துகொள்ளவும் இதுதான் இடம். இராமன் கொடுத்த ரங்கநாதரை இலங்கைக்கு எடுத்துக்கொண்டு போன விபீஷணன், காவிரியில் நீராடுவதற்காக விக்கிரகத்தை ஒரு சிறுவன் கையில் கொடுத்தானாம். பையன் கீழே வைத்துவிட்டான், பெருமாள் அங்கேயே நிலைத்துவிட்டார். துரத்திய விபீஷணனுக்குத் தப்பி அந்தப் பையன் ஓடி ஏறிய பாறைதான் இது, அவர்தான் உச்சிப்பிள்ளையார். விபீஷணனைத் தேற்றுவதற்காகப் பெருமாள் தெற்கே, இலங்கையைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார் என்பார்கள். நாளைக்குச் சன்னதியில் நிற்கும்போது இந்தத் திசை ஞாபகம் இருக்கட்டும்.

மறுநாள் இருட்டு பிரிவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள். திருச்சியில் தங்கியிருந்தால் ஒன்றாம் நம்பர் பேருந்து. மத்திய பேருந்து நிலையத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வழியாக ஸ்ரீரங்கம் வரும், காத்திருக்கத் தேவையில்லாத அளவுக்கு அடுத்தடுத்து வரும். சென்னையிலிருந்து நேராக வருகிறவர்கள் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். திருச்சி ஜங்ஷன் வரை போய்த் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

முடிந்தால் சத்திரம் பக்கத்தில் இறங்கிக் காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டுங்கள். 1976-இல் திறந்த பாலம். திருச்சிக்காரர்கள் சாயங்காலம் காற்று வாங்க வந்து நிற்கும் இடம் இது. விடியற்காலையில் கூட்டம் இருக்காது, ஆனால் வண்டிகள் வேகமாக வரும். ஓரமாகவே நடங்கள். நடுப்பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை. நேற்று அங்கே நின்று இந்தப் பாலத்தைப் பார்த்தீர்கள் அல்லவா, இப்போது அதற்கு மறுபக்கம்.

பாலம் தாண்டினால் மாம்பழச்சாலை. அங்கிருந்து இடது கைப்பக்கம் கொஞ்ச தூரத்தில் அம்மா மண்டபம் படித்துறை. இங்கே அவசரப்படாதீர்கள், அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஒரு பக்கம் புதுத் தம்பதி வந்து கல்யாண மாலையை ஆற்றில் விடுவார்கள். இன்னொரு பக்கம் ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து அப்பாவுக்குப் பிண்டம் வைத்துக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே பத்தடிதான் இருக்கும். சிறு வயதில் எனக்கு இது விசித்திரமாகவே தெரிந்ததில்லை. வெளியூரில் போய் வாழ்ந்த பிறகுதான் ஒரே படித்துறையில் இரண்டும் நடப்பது எத்தனை பெரிய விஷயம் என்று தோன்றியது.

ஆடிப்பெருக்கன்று வந்தால் படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, காதோலை, கருகமணி, பழம் எல்லாம் வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஆடியில் ஒரு நாள் நம்பெருமாளே, அதாவது உற்சவர், இந்த மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குப் புடவை, மாலை, மங்கலப் பொருள்கள் எல்லாம் சீராகக் கொடுப்பார். அண்ணன் தங்கைக்குச் சீர் செய்கிற மாதிரிதான் எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் பேசுவார்கள்.

குளிப்பதென்றால் படிக்கட்டிலேயே, பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் இடத்தில் குளியுங்கள். தடுப்பு கட்டியிருந்தால் தாண்ட வேண்டாம். காவிரி பார்க்கச் சாதுவாக இருக்கும், உள்ளே பள்ளமும் இழுப்பும் உண்டு. அப்புறம் ஒரு வேண்டுகோள். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது எங்கேயும் போவதில்லை, படிக்கட்டுக்குக் கீழே சேற்றில் சுருண்டு கிடக்கிறது, அடுத்து இறங்குகிறவர்களின் காலில் சிக்குகிறது. நாங்கள் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

அம்மா மண்டபத்திலிருந்து நேரே வடக்கே ஒரு கிலோமீட்டர் நடந்தால் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 1987 மார்ச் 25-இல், இதற்குக் குடமுழுக்கு நடந்தது. விஜயநகர அரசர்கள் காலத்தில் தொடங்கி நின்றுபோய், நாலு நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979-இல் மேல் வேலையைத் தொடங்கி முடித்து வைத்தார். சாரம் கட்டி ஆட்கள் எறும்பு மாதிரி ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழே கல்லால் ஆன பகுதி பழசு, மேலே சுதையும் வண்ணமுமாக இருப்பது புதுசு. வாசலில் நிற்கும்போது அந்தச் சேர்ப்பு தெரிகிறதா என்று தலையை நிமிர்த்திப் பாருங்கள்.

கோபுரத்தைத் தாண்டியதும் கோயில் வந்துவிட்டது என்று நினைத்துச் செருப்பைத் தேடிக் கழற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள். இந்தக் கோயிலுக்கு ஏழு மதில், ஏழு சுற்று, மொத்தம் 156 ஏக்கர், 21 கோபுரம். வெளியே இருக்கும் மூன்று சுற்றும் குடியிருப்பு: அடையவளஞ்சான், சித்திரை வீதி, உத்திர வீதி. இங்கே வீடு, பள்ளிக்கூடம், மளிகைக்கடை, தையல்காரர் எல்லாம் மதிலுக்குள்ளேதான். உலகத்தில் பலர் கோயிலுக்குப் போகிறார்கள், நாங்கள் கோயிலுக்குள் குடியிருக்கிறோம். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளைச் சுற்றும், தைத்தேர் உத்திர வீதிகளைச் சுற்றும். சித்திரைத் தேருக்குச் சுற்றுப்பட்டு கிராமத்து ஜனங்கள் முதல் நாளே வந்து வீதியிலேயே படுத்து எழுந்து, விளைந்ததில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பகட்டு இல்லாத அந்தக் கூட்டம்தான் எனக்குப் பிடித்த திருவிழா.

பூவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பா கோபித்துக்கொள்வார். காலையில் சீக்கிரம் வந்தவர்கள் சாத்தார வீதி பூமார்க்கெட்டை எட்டிப் பாருங்கள். அப்பா அங்கேதான் விடியும் முன்பே போய்ப் பூ எடுப்பார். சாக்கைக் கொட்டியதும் முதலில் கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை எடுத்துப் பார்ப்பார். மேலே உள்ள பூ எப்போதும் நன்றாகத்தான் இருக்கும், அடிப்பூ சூடாக இருந்தால் அன்றைக்கு மத்தியானத்துக்குள் கறுத்துவிடும் என்பார். நீங்கள் முழம் போட்டு வாங்கும்போதும் பூவைத் தொட்டுப் பாருங்கள், குளுமையாக இருக்க வேண்டும். பெருமாளுக்கு என்றால் துளசி போதும், தாயாருக்கு மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள்.

உத்திர வீதி தாண்டினால் ரங்கா ரங்கா கோபுரம். ஏட்டில் நான்முகன் கோபுரம், ஊரில் எல்லோருக்கும் ரங்கா ரங்கா கோபுரம். செருப்பை இங்கே விட வேண்டும். கோயில் நாள் முழுக்க ஒரே மாதிரி திறந்திருக்காது, பூஜைக்காக இடையிடையே சேவை நிற்கும். அன்றைய நேரத்தை வாசலிலேயே விசாரித்துக்கொண்டு அதற்கேற்ப மற்றதைப் பாருங்கள். அதிகாலை விஸ்வரூப சேவை கிடைத்தால் விடாதீர்கள். பெருமாள் கண்விழிக்கும்போது முதலில் பார்ப்பதற்காகப் பசுவும் யானையும் வந்து நிற்கும். வயசானவர்கள் இருந்தால் பேட்டரி கார், சக்கர நாற்காலி கேளுங்கள். கூச்சப்பட்டு நடக்க வைத்து நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

கார்த்திகை கோபுரம் தாண்டியதும் கருடாழ்வார். உட்கார்ந்த நிலையிலேயே அண்ணாந்து பார்க்கிற அளவு பெரியவர், உடுத்தியிருக்கும் வேட்டியே பல முழம். மூலவர் பெரிய பெருமாள் மேற்கே தலை, கிழக்கே கால் என்று சயனித்து முகத்தைத் தெற்கே வைத்திருக்கிறார். சன்னதியில் நிற்க விடும் நேரம் கொஞ்சம்தான். முகத்திலிருந்து ஆரம்பித்தால் பாதம் பார்ப்பதற்குள் நகர்த்திவிடுவார்கள். நான் சொல்லிக் கொடுப்பது, வரிசையில் இருக்கும்போதே திருவடியைப் பார்க்கத் தொடங்கி, நடு இடத்துக்கு வரும்போது முகத்துக்குப் போய்விடுங்கள். அப்புறம் இராமானுஜர் சன்னதி. அங்கே இருப்பது அவருடைய திருமேனியே என்று வைணவர்கள் நம்புகிறார்கள், தானான திருமேனி என்பார்கள். அர்ஜுன மண்டபத்தில் துலுக்க நாச்சியாரைத் தேடிப் பாருங்கள். சிலை கிடையாது, சித்திரமாக இருப்பார். டில்லிக்குப் போன உற்சவர் மேல் பிரியம் வைத்துப் பின்னாலேயே வந்த சுல்தான் மகள் என்பது கதை. அவருக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அந்தக் கதைக்குப் பின்னால் நிஜமான துயரம் ஒன்று உண்டு. 1311-இல் மாலிக் காபூர் வந்தான், 1323-இல் மறுபடி டில்லிப் படை வந்தது. நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியார் வயதான காலத்தில் தெற்கே ஓடினார். உற்சவர் ஊர் ஊராக அலைந்து 1371-இல்தான் திரும்பி வந்தார். கிட்டத்தட்ட 48 வருஷம். ஒரு தலைமுறையே நம்பெருமாளைப் பார்க்காமல் இந்த வீதிகளில் வளர்ந்திருக்கிறது. தீவாக இருப்பதில் பாதுகாப்பு இருக்கிற மாதிரிதான் தோன்றும், ஆனால் சூழ்ந்துகொண்டால் தப்ப வழியில்லை. 1752-இல் பிரெஞ்சுப் படைக்கும் அதேதான் நடந்தது. இந்தத் தீவுக்குள் அடைபட்டு ஜூன் மாதம் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள்.

தாயார் சன்னதிக்கு வெளியே தரையில் ஐந்து குழி இருக்கும். ஐந்து குழி மூன்று வாசல் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அகலம் ஒரு விரல் நுழையும் அளவுதான். எத்தனையோ தலைமுறை விரல் பட்டு ஓரமெல்லாம் மழமழவென்று இருக்கும். குனிந்து ஐந்து விரலையும் வைத்துக்கொண்டு அப்படியே தெற்கே திரும்பிப் பார்த்தால் பரமபத வாசல் தெரியும். குழந்தைகளுக்கு இது விளையாட்டு. என் மகளுக்குக் கை எட்டாத வயதில் விரலைப் பிடித்து நான்தான் வைத்துவிடுவேன். பக்கத்திலேயே கம்பர் மண்டபம். கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றியது இங்கேதான் என்று சொல்வார்கள். எதிரே மேட்டழகியசிங்கர், அதாவது நரசிம்மர் சன்னதி. கம்பன் பாடியபோது அவர் தலையசைத்ததாகக் கதை.

சிற்பம் பார்க்க வந்தவர்கள் கிழக்குப் பக்கம் சேஷராயர் மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகள், மேலே வீரன், கீழே புலியை ஈட்டியால் குத்தும் ஆள், எல்லாம் ஒரே கல் தூணில். குதிரையை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், சேணத்தில் இருக்கும் வார்களையும் மணிகளையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எதிரே ஆயிரங்கால் மண்டபத்தில் கல் தூண் 953. மிச்சத்தை ஏகாதசிப் பந்தலுக்கு நடும் கால்கள் நிறைவாக்குவதாகச் சொல்வார்கள். வேணுகோபாலன் சன்னதியின் வெளிச்சுவரில் வீணை வாசிக்கும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண் என்று நிற்பதையும் தவற விடாதீர்கள். அதன் அருகே சின்னக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாடிக்கு விடுவார்கள். அங்கிருந்து பொன் வேய்ந்த விமானமும் கோபுர வரிசையும் தெரியும். உள் சுற்றுகளுக்கு இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. வேறு மதத்து நண்பர்களைக் கூட்டி வந்தால் இந்த வெளிச்சுற்றிலேயே அவர்கள் அரை நாள் பார்ப்பதற்கு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள். வாசலில் வந்து தெரிந்தால் மனம் நோகும்.

பசித்தால் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது, 2012-இலிருந்து. பிரசாத ஸ்டாலில் அரவணை கிடைத்தால் வாங்குங்கள். நெய்யும் வெல்லமும் சேர்ந்த அக்காரச் சோறு. இந்தக் கோயிலில் பெருமாளுக்கு அமுது செய்வது மண்பானையில், தினமும் புதுப்பானை.

பதினொன்றரைக்குள் திருவானைக்காவலுக்குப் போய்விட வேண்டும். ஆட்டோவில் பத்து நிமிஷம். போகிற வழியில் காட்டழகியசிங்கர் கோயில், மரங்களுக்கு நடுவே அமைதியாக இருக்கும். திருவானைக்காவல் ஐம்பூதத் தலங்களில் நீருக்கு உரியது. லிங்கத்துக்கு அடியில் ஊற்று, ஆற்றில் தண்ணீர் ஏற ஏற உள்ளேயும் ஈரம் ஏறும். இரண்டு ஆற்றுக்கு நடுவே இருக்கும் நிலத்தில் நீருக்கு ஒரு கோயில் இருப்பது எவ்வளவு பொருத்தம்! சுவாமியை ஒன்பது துளைக் கல் சாளரம் வழியாகப் பார்க்க வேண்டும். உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே அம்மன் சன்னதியிலிருந்து வந்து சுவாமிக்குப் பூஜை செய்வார். அதைப் பார்க்கத்தான் இந்த அவசரம். வெளி மதிலுக்குத் திருநீற்றான் மதில் என்று பெயர். சிவன் சித்தராக வந்து, வேலை செய்தவர்களுக்குத் திருநீற்றைக் கூலியாகக் கொடுத்து, அது அவரவர் உழைப்புக்கு ஏற்பப் பொன்னானதாம். சர் சி.வி. இராமன் 1888-இல் பிறந்தது இந்த ஊரில். சாமி கும்பிட்டு முடித்ததும் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை. கூட்டம் இருந்தாலும் நில்லுங்கள்.

மத்தியானம் படுத்து எழுந்திருங்கள். இன்னொரு நாள் கையில் இருந்தால் தீவின் இரண்டு நுனியையும் பார்க்கலாம். மேற்கே முக்கொம்பில் ஆங்கிலேய இன்ஜினீயர் ஆர்தர் காட்டன் 1836-இல் அணை கட்டத் தொடங்கினார். கொள்ளிடத்துப் படுகை தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே இறங்கி, தஞ்சாவூர்ப் பக்கம் காவிரி வறண்டுகொண்டிருந்தது. அதை நிறுத்தத்தான் அந்த அணை. 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதன் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் சில அடித்துக்கொண்டு போயின, ஊரே போய்ப் பார்த்து அழுதது. கிழக்கே கரிகாலன் கட்டிய கல்லணை. மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, குழந்தைகள் இருந்தால் போகலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

நாலரை மணிக்கு மேல் கொள்ளிடத்துக்கு. கோயிலின் வடக்கு வாசல் வழியாக வெளியே வந்து வடக்கே நடந்தால், வீடுகள் குறைந்து தோப்பு வரும், அப்புறம் கரை. கோயில்காரர்கள் இதைக் கொள்ளிடம் என்று சொல்ல மாட்டார்கள், வடதிருக்காவிரி. இங்கே கடை கிடையாது, கூட்டம் கிடையாது. அகலமான மணல், நாணல், தூரத்தில் பாலம். தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் அக்கரைக்கு வருவாள், அண்ணன் ரங்கநாதர் வீட்டிலிருந்து அவளுக்குச் சீர் போகும். ஆறு தீவைப் பிரிக்கிறது என்பார்கள். எங்களுக்குத் தெற்கே ஒரு தங்கை, வடக்கே ஒரு தங்கை.

தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். கொள்ளிடம் வெள்ளத்தை வடிக்கிற ஆறு, மேலே திறந்தால் திடீரென்று ஏறும். மணலிலும் ஆள் மூழ்கும் பள்ளங்கள் இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

நாத்தனார் மகளுக்கு அன்றைக்குக் கடைசியாக ஒன்று சொன்னேன். பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தினமும் காலையில் இந்தக் கொள்ளிடத்திலிருந்துதான் வெள்ளிக் குடத்தில் தண்ணீர் போகிறது. ஐப்பசி ஒரு மாதம் மட்டும் காவிரியிலிருந்து, அம்மா மண்டபத்திலிருந்து, தங்கக் குடத்தில் யானை மேல் வரும். சிறு வயதில் அப்பா பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தோளில் தூக்கிக் காட்டுவார். யானை நடக்கும்போது குடத்து வாயிலிருந்து தண்ணீர் சிந்தி அதன் காதில் படும், காதை ஒரு தடவை உதறும். அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது.

ஐப்பசியில் லீவு போட்டுவிட்டு வருகிறேன் அத்தை என்றாள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துவிட்டாள். விடியற்காலை ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே அம்மா மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நான் அங்கே நிற்பேன்.